கைகாட்டிக்குப் பின்னால் ஒரு கை

இரவு வண்டியில் இடம் பிடித்து அமர்ந்ததும் நமக்கு எத்தனையோ கவலைகள். பெட்டிகளை இருக்கைக்கு அடியில் பத்திரப்படுத்தினோமா, குழந்தைக்குப் போர்வை போதுமா, விடியற்காலையில் இறங்க வேண்டிய ஊர் வரும்போது விழித்துக்கொள்வோமா என்றெல்லாம் எண்ணுகிறோம். ஆனால், நாம் செல்லும் இதே தண்டவாளத்தில் வேறொரு வண்டி எதிரே வந்துவிடுமோ என்ற கவலை மட்டும் நமக்கு எழுவதில்லை. அந்தக் கவலையை நமக்காக வேறு சிலர் சுமந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய முகத்தை நாம் பார்ப்பதில்லை, பெயரை அறிவதுமில்லை. வழியிலுள்ள ஏதோ ஒரு சிற்றூர் நிலையத்தில், பச்சை விளக்கைக் கையில் ஏந்தி, ஓடும் வண்டியை உற்று நோக்கியபடி நிற்கும் உருவம் ஒன்று சன்னலுக்கு வெளியே ஒரு நொடி தோன்றி மறைகிறது. அவ்வளவே.

அவர் ஏன் அங்கே நிற்கிறார்? எதை உற்று நோக்குகிறார்? அந்தப் பணிக்கு அவர் எவ்வாறு பயிற்றுவிக்கப்பட்டார்? இவற்றை அறிந்துகொள்வது நம் குடும்பத்தார் அனைவருக்கும், சிறப்பாக இரயில்வே தேர்வுக்கு ஆயத்தமாகும் நம் பிள்ளைகளுக்கும் பயன் தரும் என்று எண்ணுகிறோம்.

இங்கிலாந்து போன்ற நாடுகளில் சிக்னல் இயக்குவதற்கென்றே தனி ஊழியர் உண்டு. நம் நாட்டில் அப்பொறுப்பு பலரிடம் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளது. வண்டியை விடலாமா, நிறுத்தலாமா என்று முடிவு செய்பவர் ஸ்டேஷன் மாஸ்டர். லீவர் உள்ள இடங்களில் அவர் உத்தரவின்படி அதை இழுப்பவர் கேபின் ஊழியர். தடம் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று நேரில் சென்று பார்ப்பவர் பாயிண்ட்ஸ்மேன். சாலைக் கதவை அடைப்பவர் கேட்மேன். கருவிகளைப் பழுதின்றிக் காப்பவர்கள் சிக்னல் பிரிவினர். இவர்களுள் எவர் ஒருவர் தவறினாலும் மற்றவருடைய உழைப்பு வீணாகிவிடும்.

கைகாட்டியின் முதற்பாடம்

நம் ஊர்ப் பெரியவர்கள் சிக்னலைக் ‘கைகாட்டி’ என்றே சொல்வார்கள். உயர்ந்த கம்பத்தின் உச்சியில் ஒரு நீண்ட பலகை. அது கிடையாக நீண்டிருந்தால் ‘நில்’ என்று பொருள். சாய்ந்து இறங்கியிருந்தால் ‘வரலாம்’ என்று பொருள். ‘கைகாட்டி இறங்கிவிட்டது’ என்று யாராவது குரல் கொடுத்தால், நடைமேடையில் மூட்டை முடிச்சுகள் எல்லாம் தோளுக்கு ஏறும். அந்தப் பலகையிலிருந்து ஒரு கம்பி புறப்பட்டு, தரையோரமாக உருளைகளின்மேல் ஓடி, நூற்றுக்கணக்கான மீட்டர் தொலைவிலுள்ள லீவருக்கு வந்து சேரும். ஊழியர் தம் உடல் வலிமை முழுவதையும் கொண்டு லீவரை இழுத்தால்தான் அங்கே கை இறங்கும்.

அக்கம்பி அறுந்துபோனால் என்னவாகும்? கம்பத்தில் பொருத்தப்பட்டுள்ள எடைக்கட்டி பலகையைத் தானாகவே ‘நில்’ நிலைக்குத் தள்ளிவிடும். கருவி கெட்டால் அது வண்டியை நிறுத்தும் பக்கமாகவே கெட வேண்டும் என்பதுதான் இருப்புப் பாதையின் முதற்பாடம். கைகாட்டி மரங்கள் பெரும்பாலும் மறைந்து, சிவப்பு, மஞ்சள், இரட்டை மஞ்சள், பச்சை என்னும் வண்ண விளக்குகள் வந்துவிட்டன. பாடம் மட்டும் மாறவில்லை. விளக்கு எரியாத சிக்னலை, வண்டி ஓட்டுபவர் சிவப்பாகவே கொள்ள வேண்டும். ஐயம் எழுந்தால் நிறுத்து. உறுதியானால் மட்டுமே விடு. பயிற்சிக்கு வரும் இளைஞர் மனத்தில் முதன்முதலாகப் பதிக்கப்படுவது இதுவே.

பொழுதும் இடமும்

இந்த ஒழுங்குகள் எல்லாம் யாரோ ஒருவர் அறையில் அமர்ந்து சிந்தித்து எழுதியவை அல்ல. ஒவ்வொன்றும் உயிர்களை விலையாகக் கொடுத்து வாங்கியது.

தொடக்க காலத்தில் ஒரு வண்டி புறப்பட்டுச் சில நிமிடங்கள் கழிந்ததும் அடுத்த வண்டியை அதே பாதையில் அனுப்பிவிடுவார்கள். முன்சென்ற வண்டி இந்நேரம் வெகுதூரம் போயிருக்கும் என்பது கணக்கு. ‘போயிருக்கும்’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் ஆபத்து ஒளிந்திருந்தது.

1889-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள், அயர்லாந்திலுள்ள ஆர்மா நகரிலிருந்து ஞாயிறு மறைப்பள்ளிச் சிறுவர் சிறுமியரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுலா வண்டி கடற்கரைக்குப் புறப்பட்டது. ஏற்றத்தில் ஏற முடியாமல் எஞ்சின் திணறி நின்றது. வண்டியை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை முதலில் கொண்டு போகலாம் என்று முயன்றபோது, பின்பாதிப் பெட்டிகள் நழுவிச் சரிவில் பின்னோக்கி உருண்டன. அதற்குள் நிமிடக் கணக்குப்படி அடுத்த வண்டி அதே பாதையில் அனுப்பப்பட்டிருந்தது. இரண்டும் மோதியதில் ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் குழந்தைகள். அதே ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. இரு வண்டிகளை இனிப் பொழுதால் பிரித்தல் போதாது, இடத்தால் பிரிக்க வேண்டும். தடமும் சிக்னலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ள வேண்டும். பயணிகள் வண்டியின் எல்லாப் பெட்டிகளிலும் தொடர்ச்சியான பிரேக் இருக்க வேண்டும் என்பவை கட்டாயமாயின.

லைன் கிளியர்

இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதைக்குப் ‘பிளாக் பகுதி’ என்று பெயர். அப்பகுதியில் ஒரு நேரத்தில் ஒரே வண்டிதான் இருக்கலாம் என்பது நம் நாட்டில் மிகப் பரவலாக உள்ள முறை. நகர்ப்புறத்தின் தானியங்கிப் பாதைகளில் முறை சற்று வேறு. இவ்விதியை ஒரு சிற்றூர் நிலையத்தில் எவ்வாறு காக்கிறார்கள் என்பதைப் பார்ப்போம்.

முதல் நிலையத்தில் விரைவு வண்டி ஒன்று புறப்படக் காத்திருக்கிறது. அங்குள்ள ஸ்டேஷன் மாஸ்டர், அடுத்த நிலையத்துக்கு மணியடித்து, தொலைபேசியில் ‘லைன் கிளியர்’ கேட்கிறார். அடுத்த நிலையத்துக்காரர் உடனே ‘சரி’ என்று சொல்லிவிட முடியாது. இதற்கு முன் வந்த வண்டி முழுமையாக வந்து சேர்ந்துவிட்டதா? அதற்காக இறக்கிய சிக்னல்கள் மீண்டும் ‘நில்’ நிலைக்குத் திரும்பினவா? தம் நிலையத்தின் முதல் நிறுத்தச் சிக்னலுக்கு அப்பாலும் குறிப்பிட்ட தொலைவுக்குப் பாதை வெறுமையாக உள்ளதா? பழைய கைகாட்டி முறையில் அத்தொலைவு 400 மீட்டர். பல வண்ண விளக்கு முறையில் 180 மீட்டர். வரும் வண்டி தவறிச் சிக்னலைச் சற்றுத் தாண்டிவிட்டாலும் எதன்மீதும் மோதாதிருக்கவே இந்த இடைவெளி.

அனைத்தும் உறுதியான பின்னர் அவர் அனுமதி தருகிறார். அனுமதியோடு ஓர் இரகசிய எண்ணையும் சொல்கிறார். வரிசையின்றிக் கலைத்து அச்சிடப்பட்ட எண்கள் அடங்கிய தாள் ஒன்று ஒவ்வொரு நிலையத்திலும் உண்டு. அதிலிருந்து அடுத்த எண்ணைப் படித்துச் சொல்லி, உடனே அதை அடித்துவிட வேண்டும். கேட்பவர் அதைத் தம் பதிவேட்டில் நேரத்துடன் எழுதிக்கொள்ள வேண்டும். எதற்காக இந்த எண்? பழக்கத்தின் காரணமாக, தூக்கக் கலக்கத்தில், ‘ஆம், ஆம்’ என்று சொல்லிவிடுவது மனித இயல்பு. எண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டுமானால் கண் திறக்க வேண்டும்; கை அசைய வேண்டும்; மனம் விழிக்க வேண்டும். ‘அவர் சொன்னதுபோல் எனக்குத் தோன்றியது’ என்று பிற்பாடு எவரும் சொல்லவும் முடியாது.

ஒற்றைப் பாதையில் இன்னொரு காவலும் இருந்தது. ‘நீல்ஸ் பால் டோக்கன்’ என்னும் கருவியை மூத்த இரயில்வே ஊழியர் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். இரு நிலையங்களிலும் உள்ள இக்கருவிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டவை. அடுத்த நிலையத்தார் தம் கருவியை இயக்கி ஒத்துழைத்தாலன்றி இங்கே ஓர் உலோகப் பந்து வெளிவராது. ஒன்று வெளியே இருக்கும்வரை, இரு கருவிகளிலிருந்தும் இன்னொன்றை எடுக்க இயலாது. அப்பந்தைத் தோற்பையிலிட்டு, பெரிய வளையத்தில் கட்டி, ஓடும் எஞ்சினுக்கு நீட்டுவார்கள். டிரைவர் கையை நீட்டி வளையத்தைத் தோளில் வாங்கிக்கொள்வார். அந்தப் பந்து கையில் இருந்தால் பாதை அவருடையது. இல்லையேல் ஓர் அடியும் நகர இயலாது. பெரும்பாலான தடங்களில் இப்போது டோக்கன் இல்லாத கருவிகள் வந்துவிட்டன.

வண்டி அடுத்த நிலையத்தைக் கடக்கும்போதுதான் நாம் முதலில் சொன்ன உருவம் நடைமேடையில் வந்து நிற்கிறது. பெட்டிகளுக்கு அடியில் ஏதேனும் தொங்குகிறதா, அச்சு சூடேறிப் புகைகிறதா என்று பார்ப்பது அவர் கடமை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் கண்கள் தேடுவது கடைசிப் பெட்டியைத்தான். பகலில் அதன் பின்புறத்தில் பெரிய பெருக்கல் குறியையும் ‘எல்.வி.’ என்ற பலகையையும் காணலாம். இரவில் சிவப்பு விளக்கு எரியும். அதைக் கண்ணால் கண்டாலன்றி வண்டி முழுமையாக வந்ததாகக் கொள்ள முடியாது. வழியில் பெட்டிகள் கழன்று பின்தங்கியிருக்கலாம் அல்லவா? அந்தச் சிறு விளக்கைக் கண்ட பிறகே பாதை அடுத்த வண்டிக்குத் திறக்கப்படுகிறது.

பயிற்சிக்கூடத்தில்

பட்டப்படிப்பு முடித்த இளைஞரும் இளம்பெண்களும் இரயில்வே தேர்வு வாரியத்தின் எழுத்துத் தேர்வில் வென்று ஸ்டேஷன் மாஸ்டர் பணிக்கு வருகிறார்கள். எழுத்துத் தேர்வு மட்டும் போதாது. கவனம், நினைவாற்றல், விரைந்து முடிவெடுக்கும் திறன் ஆகியவற்றை அளக்கும் மனத்திறன் சோதனை உண்டு. பின்னர் கண் சோதனை. புள்ளிகளாலான வண்ணத் தாள்களில் மறைந்திருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர் வேறு எத்துறையிலும் சிறக்கலாம், இங்கே இடமில்லை. பணியில் சேர்ந்த பின்னும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை இச்சோதனை தொடர்கிறது. வயது ஏற ஏற அடிக்கடி நடைபெறுகிறது.

தென்னக இரயில்வேயில் இவர்களுக்குத் திருச்சிராப்பள்ளியிலுள்ள மண்டலப் பயிற்சி நிலையத்தில் பாடம் நடைபெறுகிறது. சிக்னல் பொறியியல் பிரிவினருக்குச் செகந்திராபாத்தில் 1957-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தனி நிறுவனம் உள்ளது. பயிற்சியின் அடித்தளம் ‘பொது விதிகள்’ என்னும் நூல். அதை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. மாதிரி அறையில் சிறு தண்டவாளங்களும் சிக்னல்களும் நிலையங்களும் அமைக்கப்பட்டிருக்கும். மாணவர் ஒருவர் ஒரு நிலையத்துக்கும், மற்றொருவர் அடுத்த நிலையத்துக்கும் பொறுப்பேற்று, மணியடித்து, லைன் கிளியர் கேட்டு, எண் வாங்கி, பதிவேட்டில் எழுதிப் பழகுவார்கள். பனியில் சிக்னல் தெரியாதபோது என்ன செய்வது, தொலைபேசி அறுந்தால் என்ன செய்வது, பாதையில் தடை இருப்பதை வரும் வண்டிக்கு எவ்வாறு உணர்த்துவது என்பவையும் பாடங்களே. அகலப் பாதையில் தடை ஏற்பட்டால், அதிலிருந்து 600 மீட்டர் தொலைவில் ஒன்றும், 1200 மீட்டர் தொலைவில் மூன்றுமாகத் தண்டவாளத்தின்மேல் வெடி வில்லைகளை வைக்க வேண்டும். சக்கரம் ஏறியதும் அவை வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும்.

நிலையத்துக்கு வந்த பிறகும் உடனே நாற்காலி கிடைக்காது. ஒவ்வொரு நிலையத்துக்கும் அதன் தடங்கள், சரிவுகள், கதவுகள் ஆகியவற்றுக்கேற்பத் தனி நடைமுறை விதிகள் உண்டு. மூத்தவரின் அருகிலிருந்து அவற்றைக் கற்று, ‘படித்தேன், புரிந்துகொண்டேன்’ என்று உறுதிப் பதிவேட்டில் கையொப்பமிட்ட பின்னரே தனித்துப் பொறுப்பேற்கலாம். அனுபவம் முதிர்ந்தவரும் இடையிடையே பயிற்சிக்கூடத்துக்குத் திரும்பிப் பழைய பாடங்களைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். நெடுங்காலப் பழக்கமே விழிப்பைக் கெடுக்கும் பகை என்பதை இத்துறை நன்கு அறிந்திருக்கிறது.

மறதியின் விலை

1915-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள் காலை, ஸ்காட்லாந்திலுள்ள குவின்டின்ஷில் என்னுமிடத்தில் நடந்ததை உலகெங்கும் சிக்னல் பயிலும் மாணவர்களுக்கு எடுத்துரைக்கலாம். அங்கே பணிமாற்றம் காலை ஆறு மணிக்கு நடைபெற வேண்டும். ஆனால் பகல்நேர ஊழியர், அரைமணி தாமதமாக வரும் உள்ளூர் வண்டியில் வந்து இறங்குவதை வழக்கமாக்கிக்கொண்டிருந்தார். இடைப்பட்ட நேரத்தின் பதிவுகளை இரவு ஊழியர் துண்டுத்தாளில் குறித்து வைப்பார்; வந்தவர் அதைத் தம் கையெழுத்தில் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். நட்பினால் செய்துகொண்ட சிறு ஏற்பாடுதான்.

அன்று அந்த உள்ளூர் வண்டி, சிக்னல் அறைக்கு வெளியே பிரதான பாதையிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. அது அங்கு நிற்பதை நினைவூட்ட, லீவரின் மேல் ஒரு வளையத்தை மாட்டியிருக்க வேண்டும், மாட்டவில்லை. பக்கத்து நிலையத்துக்கு மணியடித்துத் தெரிவித்திருக்க வேண்டும், தெரிவிக்கவில்லை. வண்டியின் ஊழியர் ஒருவர் விதிப்படி அறைக்கு வந்து கையொப்பமும் இட்டுச் சென்றார். வளையம் மாட்டப்பட்டதா என்று அவரும் பார்க்கவில்லை. புதிதாகப் பணியேற்றவர் துண்டுத்தாளை எழுதுவதில் ஆழ்ந்திருந்தார். தாம் வந்திறங்கிய வண்டியையே மறந்து, போர்வீரர்களை ஏற்றிவந்த வண்டிக்கு வழிவிட்டார். அடுத்து விரைவு வண்டியும் வந்து மோதியது, தீ பரவியது. 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிக்னல் ஊழியர் இருவரும் சிறை சென்றனர்.

அவர்கள் கொடியவர்கள் அல்லர். குடிவெறியில் இருந்தவர்களும் அல்லர். ஒரு வளையத்தை மாட்டச் சோம்பினார்கள், அவ்வளவே.

நம் நாட்டிலும் 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் விடியுமுன், உத்தரப் பிரதேசத்திலுள்ள ஃபிரோசாபாத் அருகே காளிந்தி விரைவு வண்டி, குறுக்கே வந்த விலங்கின்மீது மோதிப் பாதையிலேயே நின்றுவிட்டது. அது பகுதியைக் கடந்துவிட்டதா என்பதை உறுதிசெய்யாமல், பின்னால் வந்த புருஷோத்தம் விரைவு வண்டிக்கு வழிவிடப்பட்டது. உறக்கத்திலேயே 300-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ‘போயிருக்கும்’ என்ற அதே பழைய சொல், ஆர்மா நிகழ்ச்சிக்கு நூறாண்டுகளுக்குப் பின்னும் தன் விலையை வாங்கிக்கொண்டது.

இயந்திரமும் மனிதரும்

இயந்திரங்கள் இப்பணியை எளிதாக்கியிருக்கின்றன என்பதில் ஐயமில்லை. தடம் ஒரு பக்கமும் சிக்னல் வேறு பக்கமும் காட்டாதபடி லீவர்களை ஒன்றோடொன்று பூட்டும் முறைக்கு 1856-ஆம் ஆண்டிலேயே ஜான் சாக்ஸ்பி என்னும் ஆங்கிலேயர் காப்புரிமை பெற்றார். தண்டவாளத்தில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, வண்டி நிற்பதைக் கருவியே அறிந்து சிக்னலைச் சிவப்பாக்கும் முறையை 1872-இல் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் கண்டார். லீவர் இருந்த இடத்தில் பொத்தான்களும், பொத்தான்கள் இருந்த இடத்தில் கணிப்பொறித் திரைகளும் வந்துள்ளன. சிவப்பைத் தாண்ட முற்படும் வண்டியைத் தானே நிறுத்தும் ‘கவச்’ என்னும் கருவியும் தடங்களில் படிப்படியாகப் பொருத்தப்பட்டு வருகிறது.

எனினும் 2023-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் ஒடிசாவிலுள்ள பாஹாநாகா பஜார் நிலையத்தில் நடந்ததை நாம் மறக்க முடியுமா? சென்னையை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டிக்கு நேர்ப்பாதைக்கான பச்சை விளக்கு எரிந்தது. தடமோ சரக்கு வண்டி நின்ற கிளைப்பாதைக்குத் திரும்பியிருந்தது. 290-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்த அவ்விபத்துக்கு, சிக்னல் பெட்டியொன்றில் கம்பிகள் தவறாக இணைக்கப்பட்டிருந்ததே காரணம் என்று விசாரணை கண்டது. இயந்திரம் பொய் சொல்லாது என்கிறோம். ஆனால் அதற்குப் பேசக் கற்றுக்கொடுப்பது மனிதர் கைதான். பழுதுபார்த்த பின்னர் ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற விதி, சோர்வாலோ அவசரத்தாலோ தளர்ந்தால், எந்தக் கருவியும் நம்மைக் காப்பாற்றாது.

நம் கடமை

இப்பணியாளரின் குடும்பங்களையும் சற்று நினைத்துப் பார்ப்போம். போக்குவரத்து மிகுந்த நிலையங்களில் எட்டு மணி நேரப் பணி. வண்டிகள் குறைந்த சிற்றூர் நிலையங்களில் பன்னிரண்டு மணி நேரப் பணியும் உண்டு. தீபாவளியோ, கிறிஸ்துமஸ் இரவோ, பொங்கலோ, வண்டி ஓடும். ஆகவே அவர் விழித்திருக்க வேண்டும். இரவுப் பணி முடித்து வந்தவர் பகலில் உறங்குவதற்காக வானொலியின் ஓசையைக் குறைத்து, பிள்ளைகளைத் தெருவுக்கு அனுப்பி, கதவைச் சாத்தி வைக்கும் மனைவியும் அந்தச் சிக்னலைக் காப்பவர்தாம். அவருடைய உறக்கத்தின்மேல்தான் ஆயிரம் பயணிகளின் உறக்கம் நிற்கிறது. வீட்டுச் சச்சரவைப் பணிக்குப் புறப்படும் வேளையில் எழுப்பாதிருப்பதும், அண்டைவீட்டார் பகலில் ஒலிபெருக்கியை அலறவிடாதிருப்பதும் பிறர்க்குச் செய்யும் தொண்டே.

பொதுமக்களாகிய நமக்கும் ஒரு பங்கு உண்டு. சாலைக் கதவு அடைத்திருக்கையில், வண்டி இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லையே என்று கேட்மேனை ஏசுகிறோம். சிக்னலோடு பிணைக்கப்பட்ட கதவு மூடிப் பூட்டப்பட்டால்தான் சிக்னல் இறங்கும். சிக்னல் இறங்கிவிட்டால் அவர் விரும்பினாலும் கதவைத் திறக்க முடியாது. நாம் குனிந்து நுழைகிற ஒவ்வொரு முறையும், நம் பின்னால் நிற்கும் சிறுவனுக்கு ஒரு தீய பாடத்தைக் கற்பிக்கிறோம். அவன் நாளை ஒருவேளை அந்த நாற்காலியில் அமரக்கூடியவன்.

பிள்ளைகளை இப்பணிக்கு ஆயத்தம் செய்ய விரும்பும் பெற்றோர் கணக்கையும் பொது அறிவையும் கற்பித்தால் மட்டும் போதாது. விளக்கை அணைத்தாயா என்று கேட்டால் ‘அணைத்திருப்பேன்’ என்று சொல்லாமல், எழுந்து சென்று பார்த்துவிட்டு ‘அணைத்துவிட்டேன்’ என்று சொல்லும் பிள்ளையாக வளர்க்க வேண்டும். எவரும் பார்க்காத வேளையிலும் அந்த வளையத்தை எடுத்து லீவரில் மாட்டும் கை, இத்தகைய வீடுகளிலிருந்துதான் வர முடியும்.